இருமுறை வகுத்தால் வரும் எண்

62 கிலோ எடை, ஐந்தடி மூன்று அங்குல உயரம். சென்டிமீட்டரில் 160, அதாவது 1.6 மீட்டர். கால்குலேட்டரில் 62ஐ 1.6ஆல் வகுத்தால் 38.75 வரும். அதை மறுபடியும் 1.6ஆல் வகுத்தால் 24.2. பி.எம்.ஐ. என்று பேச்சில் புழங்கும் உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கண்டுபிடிக்க இவ்வளவுதான் வேலை. எடை கிலோவில் இருக்க வேண்டும், உயரம் மீட்டரில் இருக்க வேண்டும், இருமுறை வகுக்க வேண்டும்.

சரி, இந்த 24.2 நல்ல எண்ணா? உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையைப் பார்த்தால் 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை. அப்படியானால் கவலையில்லை. இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் அட்டவணையைப் பார்த்தால் 23ஐத் தொட்டாலே அதிக எடை. அப்படியானால் கவனிக்க வேண்டும். ஆள் ஒருவர், கணக்கு ஒன்று, தீர்ப்பு இரண்டு. பல கைப்பேசிச் செயலிகள் முதல் அட்டவணையை வைத்துக்கொண்டு பச்சை நிறம் காட்டிவிடுகின்றன. நம் ஊர் உடம்புக்கு அந்தப் பச்சை நிறத்தை நம்பலாமா என்பதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால், இந்த எண் எங்கிருந்து வந்தது, எல்லைக்கோட்டை யார் போட்டார்கள் என்று பார்க்காமல் முடியாது.

அதற்கு முன் அளவெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தவறுகள் வகுத்தலில் வருவதில்லை, உயரத்தில் வருகின்றன. நாம் எடையைக் கிலோவிலும் உயரத்தை அடியிலும் சொல்லிப் பழகியவர்கள். ஐந்தடி மூன்று அங்குலத்தை 5.3 என்று எழுதிவிட்டு, அதைத் தசம எண்ணாகவே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 5.3 அடி என்பது 63.6 அங்குலம். ஐந்தடி மூன்று அங்குலம் என்பதோ சரியாக 63 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 2.54 சென்டிமீட்டர் என்று பெருக்கினால் 160 கிடைக்கும். இரண்டு முறை உயரத்தால் வகுப்பதால் உயரத்தில் செய்யும் பிழை இரட்டிப்பாகும். உயரத்தில் நூற்றுக்கு ஒன்று தவறினால் விடையில் நூற்றுக்கு இரண்டு தவறும். ஒரே ஓர் அங்குலம் கூட்டிச் சொன்னால் போதும், 24.2 என்பது 23.5 ஆகிவிடும்.

ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரைத் தொட, பார்வை நேரே இருக்க நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு பொருத்தி வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். 25 வயதில் எடுத்த உயரத்தை 65 வயதில் பயன்படுத்தக் கூடாது. முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்து உயரம் குறைந்திருக்கும். எடையைக் காலையில், சாப்பிடுவதற்கு முன், எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள்.

கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். எனக்கு இதுதான் அதிகம் பயன்படுகிறது. 1.6ஐ 1.6ஆல் பெருக்கினால் 2.56. இதை 18.5ஆல் பெருக்கினால் 47.4 கிலோ. 23ஆல் பெருக்கினால் 58.9 கிலோ. 25ஆல் பெருக்கினால் 64 கிலோ. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 47 கிலோவுக்குக் கீழே போனால் எடைக் குறைவு, 64ஐத் தாண்டினால் எந்த அட்டவணையிலும் அதிக எடை. 59க்கும் 64க்கும் இடையே உள்ள ஐந்து கிலோவில்தான் உலகமும் இந்தியாவும் வேறுபடுகின்றன.

உயரத்தால் ஏன் இருமுறை வகுக்க வேண்டும்? வடிவியலை மட்டும் நம்பினால் மூன்று முறை வகுக்க வேண்டும். ஒரு பொருளை நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் அதன் எடை கன மடங்கில் கூடும். 150 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒருவரை அப்படியே 180 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் எடை 86.4 கிலோவாகிவிடும். ஆறடி உயரத்தில் ஒல்லியாக நடமாடுபவர்கள் அவ்வளவு இருப்பதில்லை. உயரமானவர்கள் குள்ளமானவர்களைப் பெரிதாக்கிய நகல்கள் அல்லர். கால் நீளும், உடல் நீளும், தோளும் இடுப்பும் அதே அளவுக்கு அகலமாவதில்லை. வர்க்கக் கணக்குப்படி அந்த 50 கிலோ, 180 சென்டிமீட்டரில் 72 கிலோவாகும். நேரில் பார்க்கும் மனிதர்களோடு இது பொருந்துகிறது.

இதை முதலில் கவனித்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796இல் பிறந்த அடோல்ஃப் கெட்லே கணிதம் படித்தவர், பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் அமையக் காரணமாக இருந்தவர். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பலமுறை அளந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்பின்னாக வரும். சராசரி எடுத்தால் உண்மையான இடத்தை நெருங்கலாம். இந்த முறையை அவர் மனிதர்கள் மேல் திருப்பினார். உயரம், எடை, மார்புச் சுற்றளவு மட்டுமல்ல, குற்றங்களையும் திருமணங்களையும்கூட எண்ணிக்கைகளாகச் சேர்த்து, ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை 1835இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். வளர்ச்சி முடிந்த மனிதர்களிடையே எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பது அந்த அளவீடுகளில் தெரியவந்த ஒன்று. உடல் பருமனைப் பற்றியோ நோயைப் பற்றியோ அவர் அப்போது யோசிக்கவில்லை. மக்கள் கூட்டத்தை விவரிக்கக் கிடைத்த ஓர் ஒழுங்கு அது. ஒரு தனி மனிதரை மருத்துவரின் மேசைக்கு முன் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லும் கருவியாக அது பிறக்கவில்லை. பி.எம்.ஐ. பற்றி இன்று நடக்கும் சண்டைகளில் பாதி இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது.

எடையை நோயோடு கோத்தவர்கள் காப்பீட்டுக்காரர்கள். யார் சீக்கிரம் இறப்பார்கள் என்று தெரிந்துகொள்வதில் அவர்களுக்குப் பண நலன் இருந்தது. அமெரிக்காவின் மெட்ரோபொலிட்டன் லைஃப் நிறுவனம் 1940களில் வெளியிட்ட உயர-எடை அட்டவணைகள் பல பத்தாண்டுகள் மருத்துவமனைச் சுவர்களில் தொங்கின. சிறிய எலும்புக்கூடு, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்திகள் அவற்றில் உண்டு. தமக்குச் சாதகமான பத்தியை எவரும் தேர்ந்துகொள்ளலாம். நம் ஊரில் இன்னும் புழங்கும் ‘சென்டிமீட்டரில் 100ஐக் கழி’ என்ற குறுக்குவழி பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குவது. 160 சென்டிமீட்டருக்கு 60 கிலோ என்று அது சொல்லும். பி.எம்.ஐ. கணக்கில் 23.4. அவசரத்துக்கு மோசமில்லை. ஆனால் 180 சென்டிமீட்டருக்கு 80 கிலோ என்று அனுமதித்துவிடும், அது 24.7.

எடை வேறு, கொழுப்பு வேறு என்பதை அழுத்தமாகக் காட்டியது 1942இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கியும் அவர் கூட்டாளியும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் எடை போட்டார்கள். ஆர்க்கிமிடீஸின் தத்துவம்தான். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. தசையும் எலும்பும் கனமானவை. தண்ணீருக்குள் ஒருவர் எவ்வளவு எடை இழக்கிறார் என்று பார்த்தால் உடலின் அடர்த்தி தெரியும். அதிலிருந்து கொழுப்பின் பங்கைக் கணிக்கலாம். அந்த வீரர்களில் 17 பேர் அன்றைய உயர-எடை அட்டவணைப்படி ராணுவச் சேவைக்குத் தகுதியில்லாத அளவுக்கு எடை கூடியவர்கள். தண்ணீர்த் தொட்டி சொன்னது வேறு. அவர்களில் பெரும்பாலோரின் கூடுதல் எடை தசை.

ஆனால் ஊரில் உள்ள எல்லோரையும் தொட்டியில் இறக்க முடியாதே. ஆயிரக்கணக்கானவர்களை ஆராய்பவர்களுக்கு எடைமெஷினும் அளவுகோலும் மட்டுமே போதுமான ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1972இல் அதைச் செய்தார். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்துக்கொண்டு, உயரத்தால் ஒருமுறை வகுப்பது, இருமுறை வகுப்பது, கனமூலம் எடுப்பது என்று புழக்கத்தில் இருந்த சூத்திரங்களைத் தோல்மடிப்பின் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கெட்லேயின் வர்க்கம் மற்றவற்றுக்குக் குறையாமல் நின்றது. அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயர் வைத்தவர் அவர்தான். இது முழுத் திருப்தி தருகிறது என்று அவரே சொல்லவில்லை. அந்த ஆய்வில் பெண்கள் ஒருவர்கூட இல்லை, இந்தியர்களும் இல்லை என்பதை நான் ஒருபோதும் மறப்பதில்லை.

வர்க்கமும் முடிந்த முடிவல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் கணிதவியலாளர் நிக் டிரெஃபெதன் 2013இல் ஒரு திருத்தம் சொன்னார். எடையை உயரத்தின் 2.5ஆம் அடுக்கால் வகுத்து 1.3ஆல் பெருக்க வேண்டும் என்பது அது. 1.69 மீட்டர் உயரத்தில் இரண்டு சூத்திரங்களும் ஒரே விடை தரும். அதைவிடக் குள்ளமானவர்களுக்கு விடை கூடும், உயரமானவர்களுக்குக் குறையும். 150 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குப் பழைய கணக்கில் 22.2, புதிய கணக்கில் 23.6. மருத்துவ உலகம் இதை ஏற்கவில்லை. இருந்தாலும், உயரம் குறைந்த பெண்கள் நிறைந்த நம் வீடுகளில், 22 என்ற எண்ணைப் பார்த்து முழுக்க நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி எல்லைக்கோடு. 25, 30 என்ற எண்களில் இயற்கையின் கையெழுத்து எதுவும் இல்லை. எடை கூடக்கூட நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றின் ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. ஓரிடத்தில் திடீரென்று குதிப்பதில்லை. ஏறும் சரிவில் எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும். ஐந்தின் மடங்குகள் நினைவில் நிற்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1998இல் அதிக எடையின் தொடக்கத்தை 27க்கு மேலிருந்து 25க்கு இறக்கியபோது, ஒரு கிராம்கூடக் கூடாத இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோடும் அதே 25தான். அதற்குப் பின்னிருந்த தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க உடல்களிலிருந்து வந்தது.

இந்திய உடல் எப்படி வேறுபடுகிறது என்பதைக் காட்ட ஒரு புகைப்படத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம், 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இயல்பு. உடலின் கொழுப்பை அளந்து பார்த்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எண் ஒன்றாக இருக்கையில் இந்தியரின் உடலில் இரண்டு மடங்குக்கும் மேலான கொழுப்பு. இருவர் பெயரின் முதல் எழுத்தை வைத்து ‘ஒய்-ஒய் முரண்’ என்று இது வழங்குகிறது. இரண்டே பேரை வைத்து அறிவியல் முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் இந்தியர்களையும் ஐரோப்பியர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகள் இதே திசையைக் காட்டியிருக்கின்றன.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்று யாஜ்னிக்கின் குழு காட்டியதுதான் என்னை அதிகம் பாதித்தது. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் பிறந்தவை 3.5 கிலோ. எண்ணூறு கிராம் குறைவு. வயிறு சிறியது, கைத்தசை சிறியது. முதுகில் தோளெலும்புக்குக் கீழே உள்ள கொழுப்பு மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்பைக் காத்துவைத்திருக்கும் குழந்தைகள். கர்ப்பிணித் தாய்களின் பட்டினியும் ஊட்டக் குறைவும் இதில் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தக் குழந்தைகள் வளர்ந்து, நாள் முழுதும் உட்கார்ந்த வேலைக்கும் மூன்று வேளை அரிசிக்கும் வந்துசேரும்போது கொழுப்பு முதலில் போய்ச் சேர்வது வயிற்றில்.

வயிற்றுக் கொழுப்பு ஏன் மோசம்? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும், கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் ஓரளவுதான். குதிர் நிறைந்துவிட்டால் நெல்மூட்டை கூடத்துக்கும் படுக்கையறைக்கும் வருவதைப் போல, அந்த இடம் நிரம்பியபின் வரும் கொழுப்பு கல்லீரலிலும் கணையத்திலும் தசைகளிலும் குடலைச் சுற்றியும் தங்குகிறது. அங்கே தங்கிய கொழுப்பு இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. ஐரோப்பியர்களோடு ஒப்பிட நமக்குக் குதிர் சிறியது. அதனால்தான் 24 என்ற எண்ணோடு, பார்ப்பதற்கு ஒல்லியாக இருக்கும் ஒருவருக்கு 38 வயதில் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் வருகின்றன. “நான் குண்டா இல்லையே டாக்டர், எனக்கு எப்படி?” என்ற கேள்வி தமிழ்நாட்டில் எந்த நீரிழிவு மருத்துவருக்கும் பழக்கமானது.

ஆசியர்களுக்குத் தனி எல்லை வேண்டுமா என்று பேச உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவின் அறிக்கை 2004இல் வந்தது. அதுவும் லான்செட்டில்தான். பொது அட்டவணையை மாற்றாமல், 23, 27.5 என்ற இரண்டு எண்களை நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்க்கலாம் என்றது. இந்திய மருத்துவர்கள் 2009இல் இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். 22.9 வரை இயல்பு, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். நம் கணக்குக்கு இந்த அட்டவணைதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 25ஐ இயல்பின் எல்லையாகக் காட்டும் செயலி, நம் ஊரில் எச்சரிக்க வேண்டிய லட்சக்கணக்கானவர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தாராளமான 25ஐத்தான் கோடாக எடுத்துக்கொள்கிறது. அப்படியும் 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9 சதவீதம்தான். சில ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம். 23ஐக் கோடாக வைத்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். அதே கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 18.7 சதவீதம் பேர் 18.5க்குக் கீழே. இந்தக் கீழ்க்கோட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெரியவர்களின் நெடுநாள் பட்டினியை அளக்க 1980களின் இறுதியிலிருந்து ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதே எண்ணைத்தான். 16க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு. ஒரே சூத்திரம் ஒரு நாட்டின் மிகையுணவையும் பற்றாக்குறையையும் சேர்த்துக் காட்டுகிறது. மக்கள் கூட்டத்துக்காகப் பிறந்த எண், கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது மிக நன்றாகவே பேசுகிறது.

தனி ஆளிடம் வரும்போதுதான் அதற்குத் துணை தேவை. துணை விலை குறைந்தது. தையல்காரரிடம் இருக்கும் இஞ்சி டேப். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது நமக்கு முக்கியம் என்பதால் வயிற்றுச் சுற்றளவு பல சமயம் பி.எம்.ஐ.யைவிட அதிகம் சொல்லும். இந்திய எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023இல் வந்தபோது, பி.எம்.ஐ.படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடைமெஷின் விட்டுவிடும் பலரை டேப் பிடித்துவிடுகிறது.

பேன்ட் அளவை வைத்துச் சொல்லாதீர்கள். தொப்பை விழுந்தபின் பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். பத்து ஆண்டுகளாக 34தான் என்று பெருமைப்படுபவரின் உண்மையான சுற்றளவு 40ஆக இருக்கலாம். பாவாடை நாடா கட்டும் இடமும் சரிவராது. விலாவெலும்பின் கடைசி ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், துணியில்லாமல், டேப் தரைக்கு இணையாக இருக்க, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, டேப்பை இறுக்கவும் கூடாது. எண்கள் நினைவில் நிற்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு; பிரிட்டனின் சுகாதார வழிகாட்டி அமைப்பு 2022இல் இதைப் பரிந்துரைத்தது. சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமானால் 80க்குள்.

சிலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது. வளரும் வயதினருக்கு வயதுவாரியான வரைபடங்கள் தனியே உண்டு. கால் வீங்கியவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் எடையில் நீரைச் சுமக்கிறார்கள். கபடி வீரருக்கும் ஜிம்மில் பளு தூக்குபவருக்கும் 27 வந்தால் டேப்பைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். முதியவர்களிடம் நான் எதிர்த்திசையில் கவலைப்படுகிறேன். 70 வயதில் தசை கரைந்து கொழுப்பு கூடியிருக்கும். எடை மாறாது, பி.எம்.ஐ. அழகாக 22 என்று நிற்கும். கை கொடுக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பது அந்த வயதில் 22ஐவிட முக்கியமான தகவல். முயற்சி எதுவும் செய்யாமலே முதியவரின் எடை சில மாதங்களில் இறங்கினால், எந்த எல்லைக்குள் இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

2025 ஜனவரியில் இரண்டு அறிக்கைகள் வந்தன. லான்செட் குழுமம் அமைத்த சர்வதேச ஆணையம், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் என்று முத்திரை குத்தக் கூடாது, சுற்றளவாலோ நேரடிக் கொழுப்பு அளவீட்டாலோ உறுதிசெய்ய வேண்டும் என்றது. பருமனால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட நிலையை நோயாகவும், இன்னும் பாதிக்காத நிலையை நோய்க்கு முந்தைய கட்டமாகவும் பிரித்தது. இந்திய மருத்துவர்களின் திருத்திய வழிகாட்டுதலும் அதே மாதம் வந்தது. 23ஐத் தாண்டியிருந்தும் உடலின் வேலைகளில் பாதிப்பு தெரியாதவர்கள் பருமனின் முதல் நிலை. 23ஐத் தாண்டியதோடு வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்து, முழங்கால் வலியோ மாடி ஏறும்போது மூச்சிரைப்போ சர்க்கரையோ வந்துவிட்டவர்கள் இரண்டாம் நிலை. இரண்டு அறிக்கைகளும் பி.எம்.ஐ.யைத் தூக்கி எறியவில்லை. அதை முதல் வாசலாக வைத்துக்கொண்டு, உள்ளே வந்தவரிடம் டேப்பையும் ரத்தப் பரிசோதனையையும் கேள்விகளையும் கொண்டுபோகச் சொல்கின்றன.